முடி இறக்காத பிள்ளை

கப்பலில் வந்த பெட்டியில் நான்கு புத்தகங்கள் இருந்தன. மீன் டின், சொக்கிலேட், இரண்டு சேட்டு, கால் நோவுக்குப் பூசும் தைலம், எல்லாவற்றுக்கும் அடியில் அவை கிடந்தன.

சின்னப்பிள்ளைகளின் புத்தகங்கள். அட்டை தடிப்பு. உள்ளே எல்லாம் படம். படத்துக்குக் கீழே இங்கிலிசு. அதற்கும் கீழே வேறு ஓர் எழுத்து, கொடியில் காயப்போட்ட உடுப்புப்போல் மேலே ஒரு கோட்டில் தொங்கியது. இரண்டும் எனக்குத் தெரியாது. நான் ஆறாம் வகுப்போடு தோட்டத்துக்கு வந்தவன். தமிழ் வாசிப்பேன், மெதுவாக.

அனுப்பியது மகள். எங்களுக்கு அவள் ஒருத்திதான். கனடாவில் இருக்கிறாள். அங்கே ஒரு பஞ்சாபிப் பெடியனைக் கட்டினாள். சீக்கிய சமயம். கல்யாணப் படம் போனில் வந்தது. மாப்பிள்ளை தலைப்பாகையோடு நின்றார். எங்கள் மாப்பிள்ளைமாரும் அன்றைக்குத் தலைப்பாகை வைப்பார்கள். இவர் மறுநாள் படத்திலும் கட்டியிருந்தார், அவ்வளவுதான்.

பக்கத்துத் தோட்டக்காரன் போனை வாங்கிப் பார்த்தான். என்னைவிட வயது குறைவு, வாய் கூட.

"அண்ணை, உவரைக் கண்டால் எனக்கு இந்திய ஆமி ஞாபகம் வருகுது. எழும்பிக் கையைத் தூக்கவேணும் போலை கிடக்கு."

"தூக்கிக்கொண்டு நில். மருமேன் வரேக்கை இறக்கலாம்."

என் மனுசி சிரித்தாள். எனக்கும் இந்திய ஆமி ஊருக்குள் நின்ற அந்தக் காலம்தான் ஞாபகம் வந்தது. சந்தியில் தலைப்பாகை கட்டிய சிப்பாய்களுக்கு முன்னால் தலையைக் குனிந்துகொண்டு வரிசையில் நின்றது. சொல்லவில்லை. படத்தில் மகள் சந்தோசமாக நின்றாள். எங்களுக்கு அது காணும் என்றாள் மனுசி.

மகளுக்கு இரண்டு தரம் பிள்ளை தங்கவில்லை. மூன்றாம் தரம் மனுசி முருகன் கோயிலுக்குப் போய் நேர்த்தி வைத்தாள். பிள்ளை சுகமாகப் பிறந்தால் முதல் முடியை உன் வாசலில் இறக்குவேன் என்று. எங்கள் பக்கத்தில் இது புதினமில்லை. நேர்த்தி வைத்த பிள்ளையின் தலையில் கத்தரி படாது. ஆண்பிள்ளை என்றாலும் முடி வளரும். குடுமி கட்டிப் பூ வைத்துப் படம்கூட எடுப்பார்கள். நாள் வந்ததும் கோயிலில் மொட்டை வழித்துச் சந்தனம் பூசுவார்கள். முடி சாமிக்கு.

பேரன் பிறந்தான். மனுசி அவனைப் போனில்தான் பார்த்தாள். அவன் தவழத் தொடங்குமுன் அவளுக்கு வருத்தம் முற்றிவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி மகளோடு கதைத்தாள். நான் போனைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

"பிள்ளை, முதல் முடி இஞ்சைதான். அதுவரைக்கும் கத்தரி படக்கூடாது."

"ஓம் அம்மா."

"கொப்பரிட்டையும் சொல்லியிருக்கிறன். நான் இல்லாட்டியும் அவர் பாப்பார்."

"ஓம் அம்மா. நீங்கள் கதையாதேங்கோ, களைக்கும்."

போனை வாங்கி வைத்தேன். மனுசி என்னைப் பார்த்தாள்.

"செய்வியள்தானே?"

"செய்வன்."

அதற்குப் பிறகு அவள் அதிகம் கதைக்கவில்லை.

அவள் போனபிறகு வீட்டில் நான் மட்டும். வெங்காயம் நட்டேன், கிண்டினேன், விற்றேன். காலையில் வைத்த சோறு இரவுக்கும் வந்தது. கறி ஒன்று. முன்னெல்லாம் தண்ணீர் இறைத்து வாய்க்கால் மாறிக்கொண்டு நிற்கும்போது வீட்டுப் பக்கமிருந்து சத்தம் கேட்கும், தேத்தண்ணி ஆறுது என்று. இப்போது தண்ணீர் இறைக்கிற மெசின் சத்தம் மட்டும்தான். அதை நிற்பாட்டினால் ஒன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் போனில் வருவாள். பேரன் குறுக்கே ஓடுவான். அவன் முடி தோளுக்கு வந்தது. பிறகு உச்சியில் கொண்டையாக முடிந்து, மேலே ஒரு சின்னத் துணி கட்டியிருந்தார்கள். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது.

"முடி வெட்டேல்லைத்தானே, பிள்ளை?"

"இல்லை அப்பா. வெட்டேல்லை."

"நல்லது."

அவள் உடனே அங்கே பனி கொட்டுவதைப் பற்றிச் சொன்னாள்.

அதற்குப் பிறகுதான் அந்தப் பெட்டி வந்தது. அந்த ஞாயிறு கேட்டாள்.

"புத்தகங்களைப் பாத்தனீங்களோ அப்பா?"

"பாத்தனான்."

"முழுக்கப் பாருங்கோ. உங்களுக்கெண்டுதான் அனுப்பினது. பாத்திட்டுச் சொல்லுங்கோ."

பார்த்தேன். தண்ணீர் மாறி, குளித்து, விளக்கு வைத்தபிறகு வேறு வேலை இல்லை. மேசையில் வைத்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன்.

ஒன்றில் மாமரம், தீபாவளி விளக்கு, சேலை கட்டிய தாய். எங்கள் ஆட்கள் என்றும் சொல்லலாம். இன்னொன்றில் பட்டம். வல்வெட்டித்துறையில் பொங்கலுக்கு ஏற்றுகிற மாதிரிப் பெரியவை இல்லை. சின்னச் சதுரம். பிள்ளைகள் மொட்டைமாடிகளில் நின்று விடுகிறார்கள். மூன்றாவதில் பெரிய மண்டபம், சனம் நிலத்தில் வரிசையாக இருந்து சாப்பிடுகிறது. நல்ல உடுப்புக்காரனும் இருக்கிறான், கிழிந்த உடுப்புக்காரனும் இருக்கிறான். அன்னதான மடம் என்று கண்டவுடனே தெரிந்தது. சமைக்கிற கிடாரம் எங்கள் கிடாரமேதான். சோற்றுக்குப் பதில் ரொட்டி.

நான்காவதைத்தான் நான் கூடுதலாகப் பார்த்தது. அதில் ஒரு பெடியன். பேரனின் வயது இருக்கும். தாய் அவனை மடியில் இருத்திச் சீப்பால் தலை இழுக்கிறாள். முடி இடுப்புவரை. உச்சியில் கொண்டை முடிகிறாள், துணி கட்டுகிறாள். பெடியன் பள்ளிக்கூடம் போகிறான், பந்தடிக்கிறான், மழையில் நனைகிறான். ஒரு பக்கத்தில் தகப்பன் தலைப்பாகை கட்டுகிறார், நீளத் துணியின் மற்ற நுனியைப் பெடியன் பிடித்துக்கொண்டு நிற்கிறான். கடைசிப் பக்கத்தில் கண்ணாடியில் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறான்.

அவர்களிடமும் நேர்த்தி இருக்கிறது என்று எனக்கு விளங்கியது. பெடியனை நேர்த்திக்கு வளர்க்கிறார்கள். மொட்டை வழிக்கிறது அடுத்த புத்தகத்தில் வரும். தாய்க்குச் சொன்ன சொல்லை மறக்கவில்லை என்று மகள் எனக்குப் படத்தில் காட்டியிருக்கிறாள். தகப்பனின் தலைப்பாகைக்குள் என்ன இருக்கும் என்று நான் யோசிக்கவில்லை.

பக்கத்துத் தோட்டக்காரன் வந்து பார்த்தான்.

"உதை ஆரும் படிச்ச பெடியனிட்டைக் குடுத்து வாசிப்பியுங்கோவன்."

"படம் விளங்குது."

"அப்ப அண்ணை பாலர் வகுப்புப் பாஸ்."

வேறு ஒருவர் வாசித்துச் சொல்வதில் எனக்கு விருப்பமில்லை. மகள் எனக்கு அனுப்பியது. அதோடு, அந்தப் புத்தகங்களில் எந்த வீட்டிலும் ஆள் குறைவில்லை. ஒரு கட்டிலில் நாலு பிள்ளைகள். குசினியில் மூன்று பெண்கள். கிழவன் ஒருவன் வருவான், அவன் தாடியை ஒரு குழந்தை பிடித்து இழுக்கும். மூடி வைத்தால் என் வீடு. அதனால் திரும்பத் திறப்பேன்.

ஞாயிறு மகளிடம் சொன்னேன்.

"பாத்தனான். விளங்கிச்சுது."

"உண்மையாவோ அப்பா? கோவமில்லையோ?"

"கோவமென்ன. சந்தோசம்."

அவள் அழுததுபோல் இருந்தது. அதுவும் சந்தோசத்தில்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

பள்ளி விடுதலைக்கு மகளும் பேரனும் வந்தார்கள். மருமகனுக்கு லீவு கிடைக்கவில்லை. அவர்கள் வரமுன்னமே நான் எல்லாம் ஒழுங்கு செய்திருந்தேன். கோயிலில் வெள்ளிக்கிழமைக்குச் சொல்லிவைத்தேன். முடி வழிக்கிறவரிடம் சொன்னேன். சின்ன வேட்டி ஒன்று வாங்கினேன். மகளிடம் வெள்ளி கோயிலுக்குப் போவோம் என்றேன். ஓம் அப்பா, போவம் என்றாள்.

பேரனுக்கு ஐந்து வயது. முதல்நாள் என்னிடம் வரவில்லை. தூரத்தில் நின்று பார்த்தான். மறுநாள் மேசையில் கிடந்த புத்தகங்களைக் கண்டான்.

"இது என்ரை," என்றான்.

"இல்லை, என்ரை."

"எனக்கும் இருக்கு. அங்கை."

கதிரையில் என்னோடு ஒட்டி ஏறி இருந்தான். அவனுக்குத் தமிழ் கொஞ்சம் தெரியும், தேடித் தேடிச் சொல்வான். மண்டபப் படத்தைத் தட்டினான்.

"இது லங்கர். எல்லாரும் கீழை இருக்கவேணும். ராசாவும்."

"எங்கடை கோயிலிலையும் அப்பிடித்தான்."

"ரொட்டி தருவினமோ?"

"சோறும் பூசணிக்காயும்."

"எனக்குப் பூசணி வேண்டாம்."

"எனக்கும்தான். சாமியின்ரை இடத்திலை அப்பிடிச் சொல்லேலாது."

அவன் சிரித்தான். நான்காவது புத்தகத்தை எடுத்தான்.

"இது நான். பேர் வேறை. ஆனால் நான்."

"ஓம். தெரியுது."

அவன் நிமிர்ந்து என் தலையைப் பார்த்தான்.

"அம்மப்பா, உங்கடை முடி எங்கை?"

"போயிட்டுது."

"எங்கை?"

"வெயிலுக்கை."

எட்டி என் மண்டையைத் தடவினான். கை சில்லென்று இருந்தது. என்னை ஒருவர் தொட்டுக் கனகாலம். அந்தச் சந்தோசத்தில் சொன்னேன்.

"வெள்ளிக்கிழமை உனக்கும் இப்பிடித்தான். வழிச்சுப்போட்டுச் சந்தனம் பூசுவினம். குளிர்மையாய் இருக்கும்."

அவனுக்கு விளங்கவில்லை. இரண்டு விரலைக் கத்தரிபோல் ஆட்டிக் காட்டினேன். விளங்கிவிட்டது.

இரண்டு கையாலும் கொண்டையைப் பொத்தினான். கதிரையிலிருந்து இறங்கினான். ஓடவில்லை. என்னைப் பார்த்தபடி பின்பக்கமாக நடந்துபோய், குசினி வாசலில் நின்ற தாயின் சட்டையைப் பிடித்துக்கொண்டான்.

மகள் அவனை அறைக்குள் விட்டுவிட்டு வந்தாள். நாங்கள் கதைத்ததைக் கேட்டிருக்கிறாள்.

"அப்பா, நாங்கள் வெட்டுறேல்லை."

"தெரியும். வெள்ளிக்கிழமைக்குத்தானே வளத்தது."

"எப்பவும் வெட்டுறேல்லை. அவையின்ரை சமயம் அது. கடவுள் தந்த முடி, அப்பிடியே வைச்சிருக்கிறது. அவரும் பிறந்தது தொட்டு வெட்டேல்லை. அதைத்தானே புத்தகத்திலை எழுதியிருக்கு."

"எனக்கு இங்கிலிசு தெரியாதெண்டு உனக்குத் தெரியும்."

"படம் இருக்கெண்டு நினைச்சன்."

"படம் பாத்தனான். நேர்த்திப் பிள்ளை எண்டு நினைச்சன்."

அவளுக்குச் சிரிப்பு வரப்பார்த்தது. வரவில்லை. எனக்கு முன்னால் நிலத்தில் இருந்தாள்.

"போனிலை சொல்ல எனக்கு வாய் வரேல்லை அப்பா. அதுதான் புத்தகத்தை அனுப்பினனான்."

"கொம்மாவுக்கு ஓம் எண்டு சொன்னனி."

"அம்மா சாகக் கிடந்தவ. நான் வேறை என்னத்தைச் சொல்ல?"

அவள் சொல்லிக்கொண்டு போனாள். பள்ளிக்கூடத்தில் பெடியனின் கொண்டையை இழுத்து, பொம்பிளைப்பிள்ளை என்று சிரித்திருக்கிறார்கள். இவன் வீட்டுக்கு வந்து கத்தரியைத் தூக்கிக்கொண்டு நின்றானாம், வெட்டிவிடு என்று. அதற்குப் பிறகுதான் அந்தப் புத்தகங்களைத் தேடி வாங்கினார்களாம். அங்கே பஞ்சாபி ஆட்களும் எங்கள் ஆட்களும் தங்கள் பிள்ளைகளுக்கென்று அப்படிப் புத்தகம் போடுகிறார்கள். பெடியன் அந்தப் படத்தைக் கண்டு, இவனுக்கும் கொண்டை இருக்கு என்று அழுகையை நிற்பாட்டினானாம்.

"இப்ப நீங்கள் கத்தரி எண்டு காட்டினால் அவன் என்ன நினைப்பான்?"

நான் அந்த இரண்டு விரலையும் மடக்கிக்கொண்டேன்.

"நேர்த்தி எண்டு பிடிவாதம் பிடிச்சால் நான் இவனைக் கூட்டிக்கொண்டு வெளிக்கிடுவன் அப்பா. பிறகு கொண்டு வரமாட்டன். வெருட்டேல்லை. சொல்லுறன்."

அவள் தாயைப்போலத்தான். சத்தம் போடாமல் சொல்வாள். எழும்பித் தோட்டத்துக்குப் போனேன். மனுசிக்குச் செய்வேன் என்று சொன்னது ஒரு பக்கம். இருக்கிற ஒரு பிள்ளையும் அவளின் பிள்ளையும் மற்றப் பக்கம்.

பக்கத்துத் தோட்டக்காரன் வரம்பில் இருந்து கதையைக் கேட்டான்.

"அண்ணை, இதுக்கு ஏன் மண்டையை உடைக்கிறியள். பெடி நித்திரை கொள்ளேக்கை ஒரு துளி நறுக்குங்கோ. உண்டியலிலை போடுங்கோ. முருகனுக்கு முடி, பெடிக்குக் கொண்டை. ஆருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"நீங்கள்தான் கதைக்கிறேல்லையே."

நான் சிரித்தேன். ஆனால் அது மண்டைக்குள் போய் இருந்துவிட்டது.

வியாழன் மத்தியானம் மகள் கடைக்குப் போனாள். போகமுன் அவனுக்குத் தலை முழுகவார்த்து, முடியைக் காயவிட்டிருந்தாள். அவன் விறாந்தையில் பாயில் நித்திரை. முடி பாயெல்லாம் பரந்து கிடந்தது. மனுசியின் முடிதான். அந்த அடர்த்தி, நுனியில் அந்தச் சுருள். மகளுக்கு வந்து, அவளிடமிருந்து இவனுக்குப் போயிருக்கிறது.

சாக்குத் தைக்கும்போது நூல் வெட்டுகிற கத்தரி மாடத்தில் இருந்தது. எடுத்தேன். பக்கத்தில் இருந்தேன். அடியில் ஒரு துளி எடுத்தால் ஒருவருக்கும் தெரியாது. அவன் மூச்சு வந்து போனது. மேலில் சவர்க்காரம் மணந்தது. ஒரு நுனியை விரலில் எடுத்தேன்.

வெட்டவில்லை. நல்ல மனம் என்று சொல்லமாட்டேன். அவன் கண் முழித்தால் இனி ஒருநாளும் என் கதிரையில் ஏறமாட்டான் என்று பயம் வந்தது. கத்தரியைக் கொண்டுபோய் எடுத்த இடத்தில் வைத்தேன். முகம் கழுவினேன்.

வெள்ளிக்கிழமை தனியப் போனேன். மகள் தானும் வருவதாகச் சொன்னாள். வேண்டாம் என்றேன். முடி வழிக்கிறவர் கத்தியைத் தீட்டிக்கொண்டு இருந்தார்.

"எங்கை பேரன்?"

"வரேல்லை."

"காய்ச்சலோ?"

"இல்லை. அவை வெட்டுறேல்லை."

கொஞ்சம் யோசித்தார்.

"அப்ப உங்கடையை வழிப்பம். நேர்த்தி கடனாய் நிக்கக்கூடாது." என் தலையை அப்போதுதான் பார்த்தார். "உதிலை எனக்கு என்ன வேலை கிடக்கு?"

"காதுப் பக்கம் கொஞ்சம் கிடக்கு."

"உதைக் குடுத்தால் முருகன் என்னோடைதான் கோவிப்பார்."

இரண்டுபேரும் சிரித்தோம். அவர் அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார். ஆரோ வீட்டுப் பிள்ளை, கத்திக் குளறியது. நாலைந்துபேர் பிடித்தார்கள். பிறகு சந்தனம் பூசினார்கள், தாய் முத்தமிட்டாள்.

உள்ளே போய்க் கும்பிட்டேன். எனக்குத் தேவாரம் முழுக்கப் பாடமில்லை. பேச்சாகத்தான் சொன்னேன். அவள் கேட்டது பிள்ளையை, பிள்ளை வந்திட்டுது. முடி வராது. அவளைப் பிடிக்காதே, பிள்ளையைப் பிடிக்காதே. பிடிக்கிறதெண்டால் இருக்கிறது நான். அவ்வளவுதான் சொன்னேன். சனம் தள்ளியது. வெளியே வந்தேன்.

வீட்டில் மகள் சோறு போட்டாள். நான் சாப்பிட்டு முடியும்வரை பக்கத்தில் இருந்தாள்.

பேரன் என்னிடம் வரச் சில நாள் எடுத்தது. ஒரு பின்னேரம் புத்தகத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு தூணடியில் நின்றான்.

"அம்மப்பா, கத்தரி?"

"இல்லை."

"பிறகு?"

"பிறகும் இல்லை."

நின்று யோசித்தான். வந்து கதிரையில் ஏறினான். கொண்டை என் நாடியில் முட்டியது. முதலில் இருந்து வாசித்தான். பெடியன் மழையில் நனையும் பக்கத்தில் பாதித் தமிழிலும் பாதி அவர்கள் மொழியிலும் ஒரு பாட்டுப் பாடினான். என்ன பாட்டு என்று நான் கேட்கவில்லை. நிற்பாட்டிவிடுவான் என்று.

அவர்கள் போகும்போது ஏற்றிப்போக வந்த வான் கேற்றடியில் நின்றது. அடுத்த வருசமும் வாறம் அப்பா என்றாள் மகள். சொன்னால் செய்வாள். அவன் கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு போனான்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் புத்தகம் வாசிக்கிறான். புதிதுபுதிதாக வாங்குகிறார்கள். நான் ஓம் ஓம் என்கிறேன். லைன் வெட்டுப்பட்டதும் மெசின் நிற்பாட்டினதுபோல் இருக்கிறது.

முருகனுக்குச் சொல்லிவிட்டேன். மனுசிக்கு இன்னும் சொல்லவில்லை. அவள் படம் சாமியறைக்கு வெளியே சுவரில் இருக்கிறது. பின்னேரம் விளக்கு வைக்கவேணும். செய்வியள்தானே என்று கேட்டவள். நிமிர்ந்து பார்க்காமல் வைத்துவிட்டு வருகிறேன்.